ஜெனாட்ஸியின் டயரும் ஏரிப்பாக்கத்து டயரும்

வில்லியனூர், பாகூர் பக்கத்து ஆளுங்களுக்கு நெட்டப்பாக்கம் கொம்யூன் ரெண்டு விஷயத்துக்காகத் தெரியும். ஒண்ணு, 1954 மார்ச் கடைசியில எதுவார் குபேர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரா இந்தியக் கொடி ஏத்தினது இங்கேதான். இன்னொண்ணு, ஏரிப்பாக்கத்துல இருக்குற எம்.ஆர்.எஃப். டயர் ஃபாக்டரி. குபேர் கதையை எழுத நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. டயர் கதையை எழுதத்தான் ஆளைக் காணோம். அதனால இந்தப் பதிவு.

ஆரம்பப் புள்ளி ஒரு சின்னக் கேள்வி. எலக்ட்ரிக் காரை வெச்சு ஆட்டோகிராஸ் ஓட்டணும்னா என்ன டயர், என்ன வீல் போடணும்? ஆட்டோகிராஸ்னா தெரியாதவங்களுக்கு: ஒரு பெரிய மைதானத்துலயோ பழைய விமான ஓடுதளத்துலயோ கூம்பு கூம்பா பிளாஸ்டிக் கோன்களை நட்டு, வளைஞ்சு நெளிஞ்சு ஒரு பாதை போடுவாங்க. ஒரு தடவைக்கு ஒரே கார். பக்கத்துல முந்த ஆள் கிடையாது, கடிகாரம்தான் எதிரி. ஒரு சுத்து ஒரு நிமிஷம் இருந்தா அதிகம். கோனைத் தட்டினா நேரத்துல அபராதம். அவ்ளோதான் விளையாட்டு. சில நாடுகள்ல இதே பேர்ல மண் தரையிலயும் ஓட்டறாங்க. நான் சொல்றது தார், சிமெண்டு தரையில நடக்கிறது.

இதுல உச்ச வேகம் பெருசா உதவாது. வண்டி நேரா ஓடற தூரமே கம்மி. திரும்பு, பிரேக் போடு, மறுபடி திரும்பு. இத்தனையையும் தாங்குறது நாலு டயரும் தரையைத் தொடுற நாலு உள்ளங்கை அளவு இடம். மோட்டார் என்ன பண்ணாலும் அந்த நாலு உள்ளங்கை வழியாத்தான் தரைக்குப் போயாகணும். அதனாலதான் இந்த விளையாட்டுல முதல் செலவு டயருக்கு, அப்புறம்தான் மத்ததெல்லாம்னு சொல்றாங்க.

எலக்ட்ரிக் கார் ஏதோ நேத்து வந்த சமாச்சாரம் மாதிரி பேசறோம். கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

1899 ஏப்ரல் 29. பாரிஸ் பக்கத்துல அஷேர்னு ஒரு இடம். கமிய் ஜெனாட்ஸிங்கிற செந்தாடி வெச்ச பெல்ஜியக்காரர், டார்பிடோ மாதிரி ஒரு வண்டியில ஏறி மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்துல போனார். தரையில ஒரு கார் 100 கிலோமீட்டரைத் தாண்டினது அதுதான் முதல் தடவை. வண்டி பேரு 'லா ஜமே கொந்தாந்த்'. 'எப்பவுமே திருப்தி அடையாதவள்'னு அர்த்தம். (பேரு வெச்ச நேரம் அவர் வீட்டுல என்ன நடந்துச்சோ!) எடை சுமார் 1450 கிலோ. ரெண்டு எலக்ட்ரிக் மோட்டார், மொத்தமா 68 குதிரைத்திறன். பெட்ரோல் ஒரு சொட்டு கிடையாது, முழுக்க பேட்டரி.

அதுக்கு நாலு மாசம் முன்னாடி, 1898 டிசம்பர்ல, அதே இடத்துல ஷாஸ்லூ-லோபாங்கிற பிரபு 63 கிலோமீட்டர் போயிருந்தார். அதுவும் எலக்ட்ரிக் வண்டிதான். ரெண்டு பேரும் மாத்தி மாத்தி சாதனையை உடைச்சு 105க்கு வந்து நின்னாங்க.

இதுல பாதிப் பேர் கவனிக்காத விஷயம் வண்டிக்குக் கீழே இருக்கு. ஜெனாட்ஸி வண்டியில இருந்தது மிஷ்லான் காத்து டயர். அன்னிக்கு அது சாதாரண விஷயம் இல்ல. டன்லப் சைக்கிளுக்குக் காத்து டயர் பண்ணினதே 1888லதான். காருக்கு அது தாங்கும்னு யாரும் நம்பல. 1895ல பாரிஸ்லருந்து போர்தோ போய்த் திரும்புற பந்தயத்துல மிஷ்லான் சகோதரர்கள் தாங்களே ஒரு காரை காத்து டயர்ல ஓட்டிக் காமிச்சாங்க. வழியெல்லாம் பஞ்சர். காலக்கெடு தாண்டித்தான் வந்து சேர்ந்தாங்க. ஊரே சிரிச்சுது. நாலு வருஷம் கழிச்சு உலகத்துலயே வேகமான வண்டி அவங்க டயர்லதான் ஓடுச்சு.

ஆக, எலக்ட்ரிக் மோட்டாரும் காத்து டயரும் ஒண்ணா வளர்ந்த பங்காளிங்க. ரோட்டுல பெட்ரோல் ஜெயிச்ச பிறகு டயர் அந்தப் பக்கம் போயிடுச்சு, எலக்ட்ரிக் கார் ஓரமா நின்னுடுச்சு.

அதே காலத்துல நம்ம ஊர்ல என்ன ஓடிச்சு? அப்போ வில்லியனூர் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த கொம்யூன். இங்கே ஓடின பெரிய வண்டின்னா அது திருக்காமீசுவரர் கோயில் தேர்தான். பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடிச்சு இழுப்பார். அந்த வழக்கம் இன்னிக்கும் போகல. இப்போ துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடிக்கிறாங்க.

தேரை எதுக்கு இழுக்கிறேன்னு கேக்காதீங்க, காரணம் இருக்கு. தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. மரச் சக்கரம், தரையில பிடிப்பே இல்லாத சக்கரம். அதைத் திருப்புறது முட்டுக்கட்டை போடற ஆள். ஓடுற சக்கரத்துக்கு அடியில சரியான நொடியில, சரியான கோணத்துல கட்டையைச் செருகுவார். ஒரு பக்கம் தடை, மறுபக்கம் ஓட்டம், தேர் திரும்பும். நிறுத்துறதும் அதே கட்டைதான். தப்பினா கைகால் போயிடும். தேரோட உயரமும் அலங்காரமும் ஜனங்க கண்ணுல படும். தேர் வீடு திரும்புறதோ சக்கரமும் தரையும் சேர்ற அந்த ஒரு சாண் இடத்தைப் பாத்துக்கிற மனுஷன் கையில. திருவாரூர் ஆழித்தேருக்குப் பிற்காலத்துல திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பண்ணிக் கொடுத்துச்சு. அப்பவும் முட்டுக்கட்டை ஆளுக்கு வேலை போகல.

சரி, டயருக்கு வருவோம். டயர்னா ரப்பர். ரப்பர்னா நம்ம ஆளுங்க.

1876ல ஹென்றி விக்கம்ங்கிற வெள்ளைக்காரர் பிரேசில்லருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். முளைச்சது கொஞ்சம்தான். அந்தக் கன்னுங்கள்ல பெரும்பகுதி இலங்கைக்கு வந்துச்சு, 22 கன்னு 1877ல சிங்கப்பூருக்குப் போச்சு. அங்கே தாவரத் தோட்டத்தைப் பாத்துக்கிட்ட ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாம பட்டையைச் சீவி பால் எடுக்குற முறையைக் கண்டுபிடிச்சு, தோட்டக்காரங்க கிட்ட 'ரப்பர் போடு, ரப்பர் போடு'ன்னு நச்சரிச்சார். யாரும் கேக்கல. அப்புறம் கார் வந்துச்சு. காத்து டயர் வந்துச்சு. மலாயா முழுக்க காட்டை அழிச்சு ரப்பர் நட்டாங்க.

அந்த மரத்துல பால் வெட்டினது யாரு? பெரும்பாலும் தமிழங்க. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார், மெட்ராஸ்லயோ நாகப்பட்டினத்துலயோ கப்பல் ஏத்துவாங்க, பினாங்குல இறக்குவாங்க. விடியக்காலையில பால் வெட்டு, அப்புறம் வாளி தூக்கு. மலேரியா, கடன், லயத்து வீடு. 1938ல இந்திய அரசு தடை போடற வரைக்கும் இந்த ஆள் அனுப்புற வேலை நடந்துச்சு. பிரெஞ்சுப் பக்கம் கதை வேற மாதிரி. மிஷ்லான் 1925ல வியட்நாம்ல சொந்தமா ரப்பர் தோட்டம் போட்டாங்க. அங்கே செத்து உழைச்சது வடக்கு வியட்நாம் ஏழைங்க. நம்ம புதுச்சேரி, காரைக்கால் தமிழங்க சைகோன்ல குமாஸ்தாவாவும் போலீஸாவும் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகத்துல இருந்தாங்க. ஒரே டயர், ஒரே தமிழன். மலாயாவுல வாளி தூக்கினான், சைகோன்ல கணக்கு எழுதினான். எந்தக் கொடிக்குக் கீழ பிறந்தோம்ங்கிறது தீர்மானிச்ச விஷயம் இது. ரேசிங் வரலாறு எழுதறவங்க இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிடறாங்க. எனக்கு அது சரியாப் படல. 1910, 20கள்ல ஐரோப்பாவுல சாதனை பண்ணின கார்களோட டயர்ல இருந்த ரப்பர்ல பெரும்பங்கு ஆசியத் தோட்டத்து ரப்பர்.

அடுத்து மெட்ராஸ். 1946ல கே.எம்.மாம்மன் மாப்பிள்ளைங்கிற இளைஞர் திருவொற்றியூர்ல ஒரு கொட்டகை போட்டு பொம்மை பலூன் பண்ண ஆரம்பிச்சார். குடும்பம் நடத்துன பேங்க் 1938ல திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. காலத்துல மூடப்பட்டு, அப்பா ஜெயிலுக்குப் போயி, சொத்து போன குடும்பம். பலூனைத் தானே பையில போட்டு கடை கடையா வித்தார்னு சொல்லுவாங்க. 1952ல ட்ரெட் ரப்பர், அதாவது தேஞ்ச டயருக்கு மேல ஒட்டுற ரப்பர். மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, சுருக்கமா எம்.ஆர்.எஃப். 1960களின் தொடக்கத்துல அமெரிக்க மேன்ஸ்ஃபீல்டு கம்பெனி தொழில்நுட்பத்தோட முழு டயர். அமெரிக்க ரோட்டுக்குப் போட்ட கணக்கு நம்ம ரோட்டுக்கும் நம்ம லாரி ஏத்துற லோடுக்கும் ஒத்து வரலங்கிறது அந்தக் கம்பெனி கதையில அடிக்கடி வர்ற பகுதி. நம்ம ரோட்டுக்கு ஏத்த மாதிரி அவங்களே திருத்தி எடுத்தாங்க. 1967ல அமெரிக்காவுக்கே டயர் ஏத்துமதி.

1990களின் பிற்பாதியில ஏரிப்பாக்கத்துல ஃபாக்டரி வந்துச்சு, ரேடியல் டயருக்காக. ரேடியல்னா டயருக்குள்ள இருக்குற நூல் குறுக்கும் நெடுக்குமா இல்லாம, ஓரத்துலருந்து ஓரத்துக்கு நேரா ஓடும். மேல எஃகுக் கம்பிப் பட்டை. பக்கச்சுவர் வளையும், தரையைத் தொடுற பகுதி மட்டும் தட்டையா நிக்கும். இதையும் மிஷ்லான்தான் 1946ல காப்புரிமை வாங்கினாங்க. பலூன் கொட்டகை போட்ட அதே வருஷம். அம்பது வருஷம் கழிச்சு ரெண்டு கதையும் நெட்டப்பாக்கம் கொம்யூன்ல வந்து சேர்ந்துச்சு. 2022ல ஐரோப்பிய ராலி சாம்பியன் பட்டம் ஜெயிச்ச எஃப்ரென் யாரெனா ஓட்டினது எம்.ஆர்.எஃப். டயர்ல.

நம்ம ஊர் பந்தயக் கதையை இங்கே சொல்லியாகணும். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் சும்மா கிடந்த விமான ஓடுதளங்கள்லதான் கார் பைத்தியங்க ஓட்டிப் பாத்தாங்க. இங்கேயும் அதே கதைதான். மெட்ராஸுக்கு வடக்கே சோழவரம் ஓடுதளம், 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப். இருங்காட்டுக்கோட்டையில நிரந்தரமா ஒரு ட்ராக் வந்தது 1990ல. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி எஞ்சினை வெச்சு கம்மி செலவுல ரேஸ் கார் கட்டினார். 1995ல விமான விபத்துல போயிட்டார். அவர் பேர்லதான் கரி மோட்டார் ஸ்பீட்வே.

அதே கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ். வெள்ளிக்கிழமை பயிற்சியிலேயே மிஷ்லான் டயர் ஒரு சாய்வான திருப்பத்துல கிழிஞ்சு ரால்ஃப் ஷூமாக்கர் சுவத்துல மோதினார். இந்த டயர் அந்தத் திருப்பத்தைத் தாங்காதுன்னு மிஷ்லானே சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை 20 கார் வரிசையா கிளம்புச்சு. ஒரு சுத்து முடிஞ்சதும் மிஷ்லான் போட்ட 14 காரும் ஓரங்கட்டிடுச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார் மட்டும் ரேஸ். நரேனோட ஜோர்டன் டீம் பிரிட்ஜ்ஸ்டோன். நாலாவது இடம், அஞ்சு பாயிண்ட். 'ஆறு பேர் ஓடின ரேஸ்தானே'ன்னு கிண்டல் பண்ணினவங்க உண்டு. எனக்கு இதுல உடன்பாடு கிடையாது. அந்த வார இறுதியில சரியான டயர் அவர் வண்டியில இருந்துச்சு, கடைசி வரைக்கும் ஓட்டி முடிச்சார். அதுவும் ரேஸ்தான். உலகத்துலயே பெரிய டயர் கம்பெனிகள்ல ஒண்ணு, நூறு வருஷத்துக்கு மேல அனுபவம், ஒரே ஒரு திருப்பத்தைக் கணக்குல விட்டுட்டாங்க.

இப்போ முதல் கேள்வி. எலக்ட்ரிக் காருக்கு எந்த டயர்?

மறுபடி ஜெனாட்ஸி வண்டியைப் பாருங்க. 1450 கிலோ. 2020ல வந்த டாடா நெக்ஸான் எலக்ட்ரிக் சுமார் 1400 கிலோ. 120 வருஷத்துல எடை அப்படியே இருக்கு! பெட்ரோல் நெக்ஸானை விட இது நூறு கிலோவுக்கு மேல அதிகம். ஆட்டோகிராஸ்ல எடைதான் வில்லன். டயருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. மேல ரெண்டு மடங்கு பாரம் ஏத்தினா பிடிப்பு ரெண்டு மடங்கு ஆகாது, கொஞ்சம் கம்மியாத்தான் கூடும். திரும்பும்போது பாரம் முழுக்க வெளிப்பக்க டயர் மேல சாயும். கனமான வண்டி அங்கேதான் தோக்கும். போதாததுக்கு எலக்ட்ரிக் மோட்டார் நின்ன இடத்துலருந்தே முழு முறுக்குவிசையையும் கொடுக்கும். பெடலை அமுக்கின நொடியே டயர் கத்தும்.

கம்பெனியிலருந்து வர்ற எலக்ட்ரிக் கார் டயர் பெரும்பாலும் பேட்டரி தூரத்துக்காகப் பண்ணினது. சுலபமா உருளணும், சத்தம் வரக்கூடாது. சுலபமா உருளுற ரப்பரும் தரையைக் கவ்வுற ரப்பரும் பொதுவா எதிரெதிர் குணம். அதனால முதல்ல மாத்த வேண்டியது அதைத்தான். அகலமான ரிம், அதுல மென்மையான ரப்பர் டயர். பாக்க கெத்தா இருக்குன்னு 18 இன்ச், 19 இன்ச் ரிம் மாட்டுறது கல்யாண ஊர்வலத்துக்குச் சரி. ஆட்டோகிராஸுக்கு பிரேக் காலிப்பர் இடிக்காத வரைக்கும் எவ்வளவு சின்ன, லேசான ரிம்மோ அவ்வளவு நல்லது. ரிம் எடையை மோட்டார் சுத்தவும் வைக்கணும், வண்டியோட சேத்துத் தள்ளவும் செய்யணும், ஒரே எடைக்கு ரெண்டு கூலி. ஆனா டயர் பக்கச்சுவத்துல இருக்குற பாரக் குறியீட்டைப் பாக்காம வாங்கவே கூடாது. 95னா ஒரு டயருக்கு 690 கிலோ, 91னா 615 கிலோ. எலக்ட்ரிக் வண்டியில இந்த நம்பரைக் குறைச்சா விளையாட்டு வேற மாதிரி முடிஞ்சிடும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒழுங்கா போடுறவங்க காலேஜ் பசங்க. கரி ட்ராக்ல நடக்குற ஃபார்முலா பாரத் போட்டியில மாணவங்க தாங்களே கார் கட்டி வந்து ஓட்டணும். அதுல ஆட்டோகிராஸ் ஒரு பிரிவு. எலக்ட்ரிக் கார்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யோட ராஃப்தார் அணி தங்களோட முதல் எலக்ட்ரிக் ரேஸ் காரை 2022 நவம்பர்ல வெளியிட்டாங்க. உலகம் முழுக்க இந்த மாதிரி அணிகள் முன்னெல்லாம் 13 இன்ச் ரிம் போட்டாங்க. அப்புறம் நிறைய பேர் 10 இன்ச்சுக்கு இறங்கிட்டாங்க. எடை கம்மி, சுத்துறதுக்குச் சுலபம். ஆனா உள்ளே பிரேக், பேரிங், சில அணிகள்ல மோட்டாரும் சேத்துத் திணிக்கணும், இடம் பத்தாது. இந்தச் சண்டை ஒவ்வொரு அணியிலயும் ஒவ்வொரு வருஷமும் நடக்குது. 2005ல டக் மில்லிகன், எட்வர்ட் காஸ்ப்ர்சாக்னு ரெண்டு பேர் மாணவ அணிகளுக்காக டயர் சோதனைக் கூட்டமைப்பு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு பஃபலோவுல இருக்குற மெஷின்ல டயரைச் சோதிச்சு, கிடைச்ச எண்களைப் பங்கு போட்டுக்குவாங்க. கம்பெனிக்காரன் பொத்தி வெச்சிருந்த ரகசியம், சந்தா கட்டின எந்த காலேஜ் பையனோட மடிக்கணினிக்கும் வந்துடுச்சு. என்னை மாதிரி பொட்டி தட்டுறவனுக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

2023 செப்டம்பர்ல சுவிட்சர்லாந்து மாணவங்க கட்டின மித்தன்ங்கிற எலக்ட்ரிக் கார் 0.956 நொடியில 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுச்சு, வெறும் 12.3 மீட்டர் தூரத்துல. எடை சுமார் 140 கிலோ, ஜெனாட்ஸி வண்டியில பத்துல ஒரு பங்கு. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார். அவ்வளவு விசை இருந்தும் டயருக்குத் தரையில பிடிப்பு பத்தல. அதனால வண்டிக்கு அடியில காத்தை உறிஞ்சற விசிறி வெச்சு, காரைத் தரையோட ஒட்டவெச்சு ஓட்டினாங்க.

வாகன மைதானத்துல வேலை இதைவிடச் சாதாரணம். டயர் பக்கச்சுவத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுவாங்க. ஓட்டிட்டு வந்ததும் கோடு எதுவரைக்கும் அழிஞ்சிருக்குன்னு பாப்பாங்க. ரொம்ப கீழ வரைக்கும் அழிஞ்சா காத்து கம்மி, டயர் மடங்குது. அழியவே இல்லைன்னா காத்து ஜாஸ்தி, டயர் நுனிக்காலுல நடக்குது. கனமான எலக்ட்ரிக் கார்னா ரெண்டு சுத்துலயே டயர் சூடேறிடும், மருந்து தெளிக்கிற பம்புல தண்ணி அடிச்சு ஆறவைப்பாங்க. அப்புறம் கேஜை வெச்சு அரை பி.எஸ்.ஐ. இறக்கிட்டு மறுபடி வரிசையில போய் நிப்பாங்க.